கடல் தாண்டிக் கண்ட ஒரு சந்தா நோட்டு

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில், இஷாத் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற மாதம் கூட்டத்துக்கு நான் வரவில்லை. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பத்து நாள் போய் வந்தேன். என் மச்சினர் மகன் பினாங்கில் வேலை பார்க்கிறார். "மாமா, ரிட்டயர் ஆன பிறகு வரலாம்னு தள்ளிப் போடாதீங்க. முட்டி நல்லா இருக்கும்போதே மாமியைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று டிக்கெட்டையே எடுத்து அனுப்பிவிட்டார். திரும்பி வந்ததும் தலைவர் அவர்கள், "என்ன பார்த்தீங்கன்னு அடுத்த கூட்டத்துல சொல்லுங்க" என்றார்கள். பூமியில் பயணம் செய்து பாருங்கள், சிந்தியுங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. பார்த்ததைச் சொல்வது எளிது. சிந்தித்ததைச் சொல்வதுதான் கொஞ்சம் சிரமம். அதில் என் குறையும் அடங்கியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தமிழ் நமக்கு முன்னே போய்விட்டது

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் திருச்சி விமான நிலையம் மூன்று மணி நேரம். இரவு விமானம். எங்கள் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் உல்லாசப் பயணிகள் அல்லர். கையில் ஒரு பை, சட்டைப் பையில் பாஸ்போர்ட், கண்ணில் தூக்கமின்மை. வேலைக்குப் போகிற பிள்ளைகள். அந்த வரிசையைப் பார்த்தபோதே இந்தக் கடல் வழி நமக்குப் புதிதல்ல என்று தோன்றியது. அப்போது பாய்மரக் கப்பல், இப்போது விமானம்.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த். அங்கிருந்து படகுத்துறைக்கு நடந்து, ஃபெரியில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன். இந்த ஊரின் பழைய பகுதியை 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே ஒரு தெருவின் பெயர் லெபு சூலியா. சூலியா என்பது தமிழகக் கரையிலிருந்து போன முஸ்லிம் வணிகர்களை அந்தக் காலத்தில் அழைத்த பெயர். கடைப் பலகைகளில் தமிழ். துணிக்கடை வாசலில் தமிழ்ப் பாட்டு. பாத்திரக் கடைக்காரர் என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "ஊர்ல எந்தப் பக்கம் பாய்?" என்றார். சேலம் என்றேன். "ஓ, மாம்பழம்!" என்றார்.

நம் ஜமாஅத்தில் பாதி வீடுகளில் உருது பேசுகிறோம், பாதி வீடுகளில் தமிழ் பேசுகிறோம். எது நம் மொழி என்று சில சமயம் பிள்ளைகளுக்குள் சண்டைகூட வரும். அங்கே மலாய்க்காரர்களின் பேச்சுக்குள்ளேயே தமிழ் போய் உட்கார்ந்திருக்கிறது. கப்பலை அவர்கள் 'காப்பால்' என்கிறார்கள். கடையை 'கெடாய்' என்கிறார்கள். மாம்பழம் 'மெம்பெலாம்'. தொழிலில் போடும் முதலை 'மோடால்' என்கிறார்கள். அது நம் 'முதல்' என்ற சொல்லேதான். நம் முன்னோர்கள் அங்கே எதைக் கொண்டு போனார்கள் என்பதற்கு இந்தச் சொற்களே சாட்சி. கப்பலில் போனார்கள், கடை வைத்தார்கள், முதல் போட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் நீங்கள் விடமாட்டீர்கள். பினாங்கின் பேர்போன சாப்பாடு நாசி கண்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடித் தடி. தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புப் பானை என்று சுமந்து போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். இன்று அது குளிர்சாதன ஓட்டலில் கிடைக்கிறது. மீன், கோழி, வெண்டைக்காய் என்று நாலைந்து குழம்புகளை ஒரே சோற்றின்மேல் கலந்து ஊற்றுகிறார்கள். என் மனைவிக்கு அந்தக் கலவை பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. அந்த ஓட்டல்களை 'மாமாக்' கடை என்கிறார்கள். மாமா என்று நாம் கூப்பிடுகிற சொல்தான் அப்படி ஆனதாம்.

ஒரு தெரு, நான்கு வழிபாட்டு இடங்கள்

பினாங்கில் நான் அதிக நேரம் இருந்த இடம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். கெலிங் என்பது தென்னிந்தியர்களைக் குறித்த பழைய சொல். கப்பித்தான் என்றால் அந்தச் சமூகத்தின் தலைவர். தமிழகக் கரையிலிருந்து போன காதர் முஹைதீன் என்ற வணிகர்தான் அந்தத் தலைவர். 1801ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளிடமிருந்து 18 ஏக்கர் நிலம் பள்ளிவாசலுக்காகப் பெறப்பட்டது. அந்த நிலம் வக்ஃபு. இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் பாங்கு சொல்லப்படுகிறது, தொழுகை நடக்கிறது, ஏழைகளுக்கு உதவி போகிறது. பள்ளி பலமுறை விரிவாக்கப்பட்டிருக்கிறது. கப்பலில் வந்த ஒருவர் சம்பாதித்ததைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்பாமல், போன இடத்தில் ஒரு தர்மத்தை நட்டு வைத்ததன் பலன் அது.

அந்தத் தெருவிலேயே 1818ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. சீனர்களின் கருணைத் தேவதை கோயில் இருக்கிறது. பக்கத்துத் தெருவைத் தொட்டாற்போல் மகா மாரியம்மன் கோயில். எல்லாம் நடந்து போகும் தூரம். இதை அங்கே ஓர் அதிசயமாகச் சுற்றுலா வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் சேலத்தில் கோட்டைப் பகுதிக்கு வந்தால் மாரியம்மன் கோயிலும் பள்ளிவாசலும் நடை தூரத்தில்தான் இருக்கின்றன. ஆடிப் பண்டிகைக் கூட்டத்துக்கு நம் பிள்ளைகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தால் அதை யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை. நம்மிடம் இருப்பதைப் பார்க்கவும் சில சமயம் வெளியூர் போக வேண்டியிருக்கிறது.

அவர்கள் ஷாஃபி மத்ஹபு. நாம் ஹனஃபி. ஃபஜ்ரில் இமாம் குனூத் ஓதக் கையை ஏந்தியதும் நான் சற்றுத் திகைத்தேன். அஸருக்கு நம் ஊர்க் கணக்கில் போனால் ஜமாஅத் முடிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் நின்ற மலாய்ப் பெரியவர் என் தொழுகையைப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கவில்லை. ஸலாம் கொடுத்து, என் கையைப் பிடித்து, பிறகு அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அது அவர்கள் பழக்கம். கையை நெஞ்சில் வைப்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

தினசரி வாழ்க்கையில் கண்டவை

ரோட்டில் ஹாரன் சத்தம் மிகக் குறைவு. திருச்செங்கோடு ரிக் வண்டிக்கும் சங்ககிரி லாரிக்கும் பழகிய காதுக்கு முதல் நாள் என்னவோ போலிருந்தது. வீட்டுக்குள் செருப்போடு யாரும் நுழைவதில்லை, சீனர் வீட்டிலும்கூட. பெரியவர்களுக்கு ஸலாம் சொல்லும்போது பிள்ளைகள் குனிந்து கையை முத்துகிறார்கள்.

டீக்கடைக்குப் போனால் ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்: கோசோங். 'தே ஓ கோசோங்' என்றால்தான் பாலும் சர்க்கரையும் இல்லாத டீ வரும். சொல்லாவிட்டால் நம் ஊர் டீயைவிட இரண்டு மடங்கு இனிப்பு. நீரிழிவு அங்கேயும் பெரிய பிரச்சினை. எல்லாம் நன்மை என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டல்களில் தட்டில் மிச்சம் வைத்து எழுந்து போவதைப் பார்த்தேன். இரவு ஒரு மணிக்கு ஒரு கடையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த தம்பி ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளை. "தூக்கம் எப்போ தம்பி?" என்றேன். "விடிஞ்சாதான் அண்ணே" என்றார். பெண் குழந்தை பிறந்து இரண்டு வருடமாகிறதாம், செல்போனில்தான் பார்க்கிறாராம். அந்த ஊரின் பளபளப்புக்குப் பின்னால் இப்படிப் பலருடைய தூக்கம் இருக்கிறது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் அதையும் கணக்கில் வையுங்கள்.

தாய்மார்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ரயில் நிலையம், கடைவளாகம், பெட்ரோல் பங்க் என்று எங்கே போனாலும் 'சுராவ்' என்று ஒரு சிறிய தொழுகை அறை இருக்கிறது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பெண்கள் பக்கத்தில் உளூச் செய்ய மறைவான இடம், மாட்டியில் துவைத்து வைத்த தொழுகை அங்கி. அதைத் தெலகோங் என்கிறார்கள். பத்து நாளும் என் மனைவிக்கு ஒரு வக்துகூடக் களாவாகவில்லை. திரும்பி வரும் வழியில் கேட்டார்: "நம்ம ஊருக்கு வெளியூர்லருந்து வர்ற பொம்பளைங்க, ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, எங்கங்க தொழுவாங்க?" எனக்குப் பதில் இல்லை. பெண்கள் பள்ளிக்கு வருவது பற்றிய மஸ்அலாவுக்குள் நான் போகவில்லை. அதற்கு ஹஜ்ரத் இருக்கிறார்கள். பயணத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு பாயும் ஒரு குழாயும் ஒரு கதவும் கொடுப்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்க முடியாது என்று மட்டும் நினைக்கிறேன். மதரஸாக் கட்டடத்தின் கீழ் அறை பகலில் காலியாகத்தான் இருக்கிறது.

அந்தச் சந்தா நோட்டு

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் தங்கியிருந்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஐந்தாம் நாள் ஃபஜ்ருக்குப் பிறகு, அதே தளத்தில் குடியிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் மௌத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வசதியான குடும்பம் இல்லை. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். மூத்த மகன் தொழிற்சாலையில் வேலை. நாங்களும் போய் ஓரமாக நின்றோம்.

அரை மணி நேரத்தில் அந்தப் பகுதிப் பள்ளிவாசலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் கஃபன் துணி, கற்பூரம், சந்தனம் எல்லாம் தயாராக வைத்த ஒரு பை. இன்னொருவர் வயதானவர். அவர் கையில் ஒரு நீள நோட்டு. நோட்டைத் திறந்து ஒரு பெயரைப் பார்த்தார். ஒரு கோடு போட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மகனிடம் கொடுத்தார். மகன் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். விண்ணப்பம் இல்லை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இல்லை, "கமிட்டி கூடட்டும்" என்ற பேச்சு இல்லை. குளிப்பாட்டுவதும், கபுர் வெட்டுவதும், பள்ளியின் ஜனாஸா வண்டியும் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தக் குடும்பத்துக்கு அன்று அழுவதைத் தவிர வேறு வேலை வைக்கவில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் துக்கம் கேட்க வந்தபோது சும்மா வரவில்லை. ஒருவர் அரிசி கொண்டு வந்தார், ஒருவர் கோழி, ஒருவர் கத்தியும் பலகையும் கொண்டு வந்து வாசலிலேயே வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். இறந்தவர் வீட்டு அடுப்பு அன்று எரியவில்லை. ளுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் முடிந்தது.

மச்சினர் மகனிடம் விசாரித்தேன். இதற்குப் பெயர் 'கைராத் கெமாத்தியான்'. கெமாத்தியான் என்றால் மரணம். கைராத் என்ற சொல் நமக்குத் தெரியும். நம் வீடுகளில் பக்கீருக்குப் போடுவதைக் கைராத்து என்போம். அங்கே அந்தச் சொல்லுக்கு யாரும் கை நீட்ட வேண்டியதில்லை. மலேசியாவில் பெரும்பாலான பள்ளிகளிலும் சுராவ்களிலும் இந்த நிதி இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு சிறு சந்தா. இடத்துக்கு இடம் மாறும், ஆனால் ஒரு குடும்பம் ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவுக்கு மேல் பெரிதாக இருக்காது. சந்தா கட்டிய குடும்பத்தில் யார் இறந்தாலும் அடக்கச் செலவை நிதி ஏற்கும். இது அரசாங்கம் தருவதல்ல. ஜகாத் வசூலை அங்கே மாநில இஸ்லாமிய மன்றங்கள் பார்க்கின்றன, அது வேறு. இது அந்தந்தப் பகுதி மக்கள் தாங்களே நோட்டுப் போட்டுச் சேர்ப்பது. அதனால் "அது முஸ்லிம் நாடு, அங்கே முடியும், இங்கே எப்படி முடியும்?" என்று நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

சிறு துளி என்பது பழமொழி மட்டுமல்ல

அந்த நோட்டைப் பார்த்த பிறகு எனக்கு எல்லா இடத்திலும் அதே கண்ணாக இருந்தது. சிறிதாக, விடாமல் சேர்ப்பதை அந்த மக்கள் ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹஜ்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு மலாய் விவசாயிகள் ஹஜ்ஜுக்கான பணத்தை வீட்டிலேயே தலையணைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் வைத்திருப்பார்கள். போதாவிட்டால் நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுப் போவார்கள். ஹாஜியாகத் திரும்பி வருவார்கள், ஆனால் உழ நிலம் இருக்காது. 1959ல் உங்கு அஜீஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் இதற்கு ஒரு திட்டம் எழுதினார். வட்டியில்லாமல், மாதாமாதம் சிறுகச் சேமிக்க ஒரு நிறுவனம். 1963ல் அது தொடங்கியது. அதுதான் இன்றைய தாபோங் ஹாஜி. பிறந்த குழந்தைக்கே அதில் கணக்குத் தொடங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். ஹஜ்ஜுக்கான முறை வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்று தெரிந்தும் போடுகிறார்கள். நிய்யத்தைத் தொட்டிலிலேயே கட்டிவிடுகிறார்கள்.

கடைசி இரண்டு நாள் சிங்கப்பூரில் இருந்தோம். அங்கே சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். 1826ல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவியது. இன்றும் ஜும்ஆவில் தமிழ் ஒலிக்கிறது. சற்றுத் தள்ளி, தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா. நம் நாகூரின் நினைவாகவே எழுப்பியது. இந்தப் பழைய இடங்களைவிட என்னை யோசிக்க வைத்தது ஒரு புதிய கதை. கம்பத்து வீடுகளைக் காலி செய்து மக்களை அடுக்குமாடிக்கு மாற்றியபோது, புதிய பேட்டைகளில் பள்ளிவாசல் இல்லை. கட்டப் பணம் இல்லை. 1975ல் ஒரு நிதி தொடங்கினார்கள். முஸ்லிம் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து, சேமநிதி அமைப்பின் வழியாக, மாதம் 50 காசு. வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். அந்த ஐம்பது காசில் 1977ல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளி எழும்பியது. அதற்குப் பின் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள். 1984 முதல் அதே நிதியில் பிள்ளைகளின் கல்விக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். இன்று சம்பளத்துக்கு ஏற்பத் தொகை கூடும். முறை அதேதான்.

பெரிய செல்வந்தர் ஒருவர் வரட்டும், வளைகுடாவிலிருந்து ஒரு நன்கொடை வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்று நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். இந்த ஹதீஸை மதரஸாவில் பதினான்கு வயதில் மனப்பாடம் செய்தவன் நான். அதன் பொருளை ஐம்பது வயதுக்கு மேல் ஓர் அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன்.

என் குறை

இப்போது என் குறைக்கு வருகிறேன்.

போன வருடம் நம் மஹல்லாவில் ஒரு சகோதரர் மௌத்தானார். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்தவர். பெயர் வேண்டாம், பலருக்குத் தெரியும். அன்று இரவு அவர் மனைவி தெரிந்த ஒருவர் மூலம் வாரத் தண்டலில் கடன் வாங்கினார். கஃபனுக்கும் கபுருக்கும் கொஞ்சம். மீதி எதற்குத் தெரியுமா? வெளியூரிலிருந்து வந்த உறவுக்குச் சோறு போட. மூன்றாம் நாள் பிரியாணிக்கு. நானும் அந்த மூன்றாம் நாள் போனேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். அது கடன் பிரியாணி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

அறக்கட்டளைக்கு உதவி கேட்டு மனு வந்தது. நாம் உதவினோம். ஆண்டறிக்கையில் அதைப் பெருமையாகவும் போட்டோம். ஆனால் கமிட்டி கூடி, இரண்டு கையெழுத்து வாங்கி, காசோலை அவர் கைக்குப் போனபோது இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டு கையெழுத்தில் ஒன்று என்னுடையது. ஒரு வாரம் நான் ஊரில் இல்லை, ஒரு வாரம் மறந்தேன். காசோலையை வாங்கிக்கொண்டு அந்தச் சகோதரி சொன்னார்: "ஜஸாகல்லாஹ் பாய். அன்னைக்கு ராத்திரியே இதுல பாதி கெடச்சிருந்தா போதும் பாய்." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது என்னை விட்டுப் போகவில்லை. நம் காசோலையில் பாதிக்கு மேல் தண்டல்காரருக்கு வட்டியாகப் போனது. ஹராமான வட்டிக்கு ஸதகாப் பணம் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு காரணம் என் தாமதம்.

ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு தயாரித்துக் கொடுங்கள் என்று ஸஹாபாக்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். துக்க வீடு சமைக்கிறது, ஊர் சாப்பிடுகிறது. கத்தம், பாத்திஹா பற்றி நமக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டை நான் கிளறவில்லை. ஓதுவோர் ஓதட்டும். இறந்தவருக்காக துஆச் செய்வதைப் பற்றியும் நான் பேசவில்லை. கடனைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஒரு வேண்டுகோள்

எனவே இந்தக் கூட்டத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். 'ஜனாஸா நிதி' என்று ஒரு தனி நிதி தொடங்குவோம்.

நம் ஜமாஅத்தில் ஏறக்குறைய 400 குடும்பங்கள். குடும்பத்துக்கு மாதம் 50 ரூபாய் என்றால் மாதம் 20,000. ஆண்டுக்கு 2,40,000. கபர்ஸ்தான் பதிவேட்டைப் பார்த்தேன், ஆண்டுக்குப் பதினைந்திலிருந்து பதினெட்டு மய்யித்துகள் வருகின்றன. மய்யித்து ஒன்றுக்கு 12,000 ரூபாய் என்று வைத்தாலும் 2,16,000 தான் ஆகிறது. எல்லாரும் கட்ட மாட்டார்கள் என்று சொல்வீர்கள். முக்கால்வாசிப் பேர் கட்டினால் 9,000 கொடுக்கலாம். கஃபன், கபுர், வண்டி, முதல் நாள் சாப்பாடு ஆகியவற்றுக்கு அது போதும்.

விதிகள் நான்கு போதும். ஒன்று, செய்தி வந்த இரண்டு மணி நேரத்தில் பணம் வீட்டுக்குப் போக வேண்டும். விண்ணப்பம் கிடையாது, செயலாளர் கையெழுத்துக்குக் காத்திருக்கவும் கூடாது. தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் கையில் முன்பணம் இருக்கட்டும். இரண்டு, ஏழை, பணக்காரர் என்று பார்க்கக் கூடாது. எல்லா வீட்டுக்கும் ஒரே கவர். வசதியுள்ளவர் வேண்டுமானால் திருப்பி நிதியிலேயே போடட்டும். வாங்குவது வெட்கம் என்ற நினைப்பு அப்போதுதான் போகும். மூன்று, எல்லாருக்கும் கொடுப்பதால் இதில் ஜகாத் பணத்தைக் கலக்கக் கூடாது. ஐம்பது ரூபாய்கூடக் கட்ட முடியாத குடும்பங்களின் சந்தாவை ஸதகாவிலிருந்து நாமே கட்டுவோம். யாருடையது என்று நோட்டில் தெரியக் கூடாது. நான்கு, மாதாமாதம் கணக்கு பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு.

சாப்பாட்டுக்கு நிதி தேவையில்லை. மனது போதும். எந்தத் தெருவில் மய்யித்து விழுகிறதோ அந்தத் தெருப் பெண்கள் முறை வைத்து மூன்று நாள் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டு போகலாம். மகளிர் குழுவில் தவணை வசூலை ஒரு நாள்கூடத் தவறாமல் நடத்தும் சகோதரிகள் திரைக்கு அப்பால் இருக்கிறார்கள். இதை அவர்கள் கையில் கொடுத்தால் ஆண்களைவிட நன்றாக நடத்துவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. லாரி பாடி பில்டிங் பட்டறையில் நிற்கிறவர், முட்டைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், பெங்களூரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறவர் என்று எந்த வேலையில் இருந்தாலும் ஐம்பது ரூபாய் உங்களுக்குப் பெரிதல்ல. உங்களிடம் நான் கேட்பது மாதாமாதம் மறக்காமல் இருப்பதை. போன மாதம் கட்டினேன் என்பவர் நிறைய, இந்த மாதமும் கட்டினேன் என்பவர் கொஞ்சம். நிதி நிற்பதும் விழுவதும் அந்த இரண்டாவது ஆளிடம்தான் இருக்கிறது.

பினாங்கில் நம் முன்னோர்கள் வைத்த முதல் இருநூறு ஆண்டாக வளர்ந்து நிற்கிறது. நாம் இன்று வைக்கப் போவது ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் முதல் சந்தாவை நான் கட்டுகிறேன். இருபத்து மூன்று நாள் தாமதித்தவன் முதலில் கட்டுவதுதான் முறை. கூட்டம் முடிந்ததும் வாசலில் நோட்டு இருக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் தாமதங்களை மன்னிப்பாயாக. எங்களுக்கு முன் சென்றவர்களின் கபுருகளை விசாலமாக்குவாயாக. எங்களில் எவர் வீட்டிலும் துக்க நாளன்று கடன்காரர் வாசலில் நிற்கும் நிலையைத் தராதிருப்பாயாக. சிறிதாயினும் விடாமல் செய்யும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.